டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்: சரித்திரச் சுருக்கமும் நம் கல்விநிதிக்கு ஒரு விண்ணப்பமும்

அறிவுடைமை ஒருவர்க்குப் பிறவியில் வாய்ப்பது. அவ்வறிவு பயன்படுதற்குரிய இடமோ பிறர் உதவியாலன்றி வாய்ப்பதரிது. வித்து எத்துணை நல்லதாயினும், விதைக்கும் பருவத்தே ஒரு குடம் நீர் கிடையாதாயின் வீணேயாகும். அப்பருவம் கழிந்தபின் ஏரியே திறந்துவிடப்படினும் யாது பயன்? இவ்வுண்மையை நம் சமூகத்தார் உள்ளங்கொள்ளுமாறு, மருத்துவ ஆராய்ச்சித் துறையிற் பெரும்புகழ் நிறுவி மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் சரித்திரத்தை இவ்விதழிற் சுருங்க எழுதப் புகுந்தோம். இதனை எழுதுதற்கு எம்மைத் தூண்டிய காரணத்தைக் கடையிற் கூறுவோம்.

சுப்பாராவ் அவர்கள் அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரில், தெலுங்கு அந்தணர் குடியொன்றில், 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் வருவாய்த்துறையில் அலுவல் பார்த்து, உடல்நலக் குறைவால் அதனை விட்டவர். மக்கள் பலர், வருவாயோ சிறிது. இளமையிற் சுப்பாராவ் படிப்பில் நாட்டமின்றித் திரிந்தார் என்பர். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டை விட்டுப் புறப்பட்ட சிறுவரைத் தாயார் மீட்டுக் கொணர்ந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார் என்றும் சொல்வர். யாத்திரிகர் கூட்டத்தை நாள்தோறும் காணும் அண்ணாமலை நகரத்தார்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. நம் மாடவீதிகளிற் பழமும் கற்பூரமும் ஏந்தி நிற்கும் சிறுவருள் எத்தனை பேர் எத்தகைய அறிவுடையர் என்பதை யார் அளந்து கண்டார்?

மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தவறிச் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறையே அவர் தேறினார். மூன்று முறை எழுதித் தேறியவரைப் பிற்காலத்தே உலகம் போற்றும் என அன்று எவரும் நினைத்திரார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார். அக்காலத்தே அவர் உள்ளம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மடத்துத் துறவியரை அடைந்து தம்மையும் ஏற்குமாறு வேண்டினார். தாயார் உடன்படவில்லை. மடத்தாரும், மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டு செய்தலே தக்கது என்று அவரை நெறிப்படுத்தினர். இங்ஙனமே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார். துறவியர் சூழ வாழும் நம்மூரார் இதனையும் கருதுதல் நன்று: வந்தவரை மடத்துள் வைத்துக்கொள்ளாது, உலகத் தொண்டுக்கு அனுப்பியதும் அத்துறவியர் செய்த அறமேயாகும்.

மருத்துவக் கல்வியின் செலவைத் தாங்கக் குடும்பத்திற் பொருளில்லை. நண்பர்களும், பின்னாளில் அவர்க்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பாரும் உதவினர். அந்நாளில் அண்ணல் காந்தியடிகள் அந்நியத் துணிகளை விலக்குமாறு நாட்டாரை வேண்டினார். சுப்பாராவ் அறுவை அறையிலும் கதராடையே உடுத்துச் சென்றார். இஃது ஆங்கிலேயரான அறுவை மருத்துவப் பேராசிரியர்க்கு வெறுப்பை விளைத்தது. எழுத்துத் தேர்வுகளிற் சிறப்பெய்தியிருந்தும், அவர்க்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனிற் றாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியிற் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. ஆகவே, டாக்டர் இலட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். ஆண்டுப் பழமையுடைய அம்மருந்துகளின் ஆற்றலை நவீன முறையால் ஆராய வேண்டும் என்னும் அவா அவருள்ளத்தே ஆங்குக் கிளைத்தது.

அவாவுக்கு ஒரு துயரமும் துணையாயிற்று. ஸ்ப்ரூ எனப்படும் வெப்பநாட்டு வயிற்றுநோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடையீட்டில் அடுத்தடுத்து இரையாயினர். உண்ட உணவு உடலிற் சேராது குருதி வற்றி மெலிவிக்கும் அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மருத்துவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததன் பயனாக, பாஸ்டன் நகரத்து ஹார்வார்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு எழுதும் எண்ணம் அவர்க்குப் பிறந்தது. இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மேற்படிப்பை நாடும் ஏழை மாணவர்க்கு அன்றும் இன்றும் நேரும் இடர்ப்பாடு இதுவேயாம். கதவு திறந்திருக்கும், வாயிற்படிவரை செல்ல வழிச்செலவு இராது.

இவ்விடத்தே நம் வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டுகின்றோம். வழிச்செலவுக்குரிய பொருளில் ஒரு பகுதியை மாமனார் திரட்டினார். மற்றொரு பகுதிக்கு உறுதி கூறியது காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமம். அந்நாயக்கர் யாவர்? கோதாவரி முகத்துவாரத்துக் கோரங்கித் துறையை அடுத்து, கடற்றொழில் புரியும் எளிய குடியிற் பிறந்தவர். கடல் கடந்து இரங்கூன் சென்று, கப்பல்களிற் சரக்கு ஏற்றியிறக்கும் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டி, அதனைக் கல்விக்கும் பிற அறங்களுக்கும் எழுதி வைத்தவர். உதவி வேண்டி நின்றவரோ அந்தணர். கடலோடிக் குடியிற் பிறந்தவர் வைத்த பொருள், குலம் நோக்காது, ஓர் அந்தண இளைஞரைக் கடல் கடத்தியது. கடல் கடந்து பொருளீட்டியவர், பிறரும் அறிவீட்டக் கடல் கடக்கட்டும் எனக் கருதினார் போலும்.

1922-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் சுப்பாராவ் பாஸ்டன் சேர்ந்தார். மூன்றாண்டிற் றிரும்புவதாக மனைவியார் சேஷகிரி அம்மையார்க்கு உறுதி கூறிச் சென்றவர், பின்னர்த் தாய்நாட்டைக் காணவேயில்லை. வாழ்க்கைச் செலவிற்காக ஆங்கொரு மருத்துவமனையில் இரவு வேளையிற் கழிகலங்களைத் துலக்கும் பணியை ஏற்றார். மருத்துவச் சான்று பெற்றவர் அப்பணியை இழிவென்று கருதவில்லை. வெப்பமண்டல மருத்துவத்திற் பட்டயம் பெற்றபின் அப்பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியற் பகுதியிற் சேர்ந்து, சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியருடன் ஆராயலானார். குருதியிலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரஸின் அளவை நிறமாற்றத்தாற் கணிக்கும் முறையை அவ்விருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என உலகெங்கும் மாணவர் அதனைப் பயில்கின்றனர். அம்முறையின் துணைகொண்டே, தசையின் இயக்கத்திற்கு ஆற்றல் அளிக்கும் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. என்னும் பொருள்களையும் அவர்கள் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே 1929-இல் ஜெர்மனியிற் கார்ல் லோமன் என்பாரும் தனித்துக் கண்டார். 1930-இல் சுப்பாராவுக்கு ஹார்வார்டு டாக்டர் பட்டம் அளித்தது.

இத்துணைப் பணி செய்தும் அப்பல்கலைக்கழகத்தில் அவர்க்கு நிலைத்த பதவி கிடைக்கவில்லை. எனவே 1940-இல் நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்னுமூரில் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதியை அடைந்து, விரைவில் அதன் தலைமையை ஏற்றார். எட்டே ஆண்டுகளில் அவர் தலைமையில் விளைந்தவற்றை எண்ணுங்கால் வியப்பு மிகுகின்றது.

முதலாவது, ஃபோலிக் அமிலம். பம்பாயிற் கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு உண்டான சோகை ஈஸ்ட்டிலுள்ள ஏதோ ஒரு பொருளால் நீங்குதலை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1931-இல் வெளியிட்டிருந்தார். அப்பொருளினத்தைச் சேர்ந்த ஃபோலிக் அமிலத்தைச் சோதனைச் சாலையில் ஆக்கும் வழியை சுப்பாராவின் குழுவினர் 1945-இல் அறிவித்தனர். உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. இன்று நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்திற் கருவுற்ற மகளிர்க்கு இரும்புச் சத்தோடு சேர்த்து வழங்கப்படும் மாத்திரையில் உள்ளது அதுவேயாகும்.

இரண்டாவது, அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்கள். அவற்றுள் ஒன்றாகிய அமினாப்டெரினை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குருதிப் புற்றுநோயுற்ற சிறுவர் 16 பேர்க்குத் தர, 10 பேர்க்கு நோய் சிலகாலம் தணிந்தது. 1948-இல் வெளியான அச்செய்தியே புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துப் போராடலாம் என்னும் நம்பிக்கையை விளைத்தது. அதன் இனமாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் பயன்படுகின்றது.

மூன்றாவது, 1947-இல் வெளிவந்த ஹெட்ரசான். யானைக்கால் நோய்க்கிருமியை அழிக்கும் இம்மருந்தே டி.இ.சி. என்னும் பெயரால், 2004 முதல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டத்திற் கோடிக்கணக்கானவர்க்கு வழங்கப்பட்டது. நம் மாநிலத்துப் பல மாவட்டத்தாரும் அதனை உண்டனர். நான்காவது, பெஞ்சமின் டக்கர் என்பார் அவர் தலைமையின்கீழ்க் கண்ட ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் இன மருந்துகளுள் முதலாவது அதுவே.

1923 முதல் 1946 வரை இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடந்தரவில்லை. இடந்தந்த பின்னரும் அவர் அதனைப் பெற்றிலர், அயலவராகவே வாழ்ந்தார். 1948 ஆகஸ்டுத் திங்களில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர்நீத்தார். காளான் இனமொன்றிற்கு அறிஞர்கள் அவர் பெயரால் சுப்பாரோமைசஸ் எனப் பெயரிட்டனர். நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1995-இல் இந்திய அரசு அவர் உருவந்தாங்கிய அஞ்சற்றலை வெளியிட்டது.

இனி, இச்சரித்திரத்தை எழுதியதன் காரணத்தைக் கூறுவோம். எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி உயிர்வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, வெளிமாநிலத்தில் மருத்துவ ஆராய்ச்சி மாணவியாகச் சேரும் தகுதியைச் சென்ற ஆண்டு தேர்வெழுதி அடைந்தாள். இக்காலத்தே இத்துறையில் அரசின் உதவித்தொகை இல்லாமலில்லை. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேர்ந்தார்க்கு 2023 முதல் திங்கள்தோறும் 37,000 ரூபாயும், ஈராண்டின்பின் மதிப்பீட்டில் தேறி முதுநிலை எய்தினார்க்கு 42,000 ரூபாயும் வழங்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும், சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமும் முதல்நாளே செலுத்தப்பட வேண்டும். உதவித்தொகையின் முதற்றவணையோ சில திங்கள் கழிந்து வருதலும் உண்டு. அவ்விடைவெளியைக் கடக்க அவளுக்கு வேண்டியிருந்தது 30,000 ரூபாய். கிரிவலப் பாதையிற் பூ விற்கும் தாய்க்கு அது மலையினும் பெரிது.

நம் சங்கத்துக் கல்விநிதியிற் பணமிருந்தது. யாமே விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம். ஆனால் அவள் நம் சமூகத்தினள் அல்லள். நிதியோ நம் சமூகத்தார்க்கே உரியதென விதியுள்ளது. செயற்குழுவில் ஒருவர் விதியை எடுத்துக் காட்டினார், ஏனையோர் தலையசைத்தனர். யாமும் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தோம், வாய் திறந்தோமல்லோம். தீப விழா அன்னதானக் கணக்கிற்கு அடுத்துச் சென்றோம். உரிய நாள் கழிந்தது. இப்பொழுது அவள் நம் நகரத்துத் தனியார் ஆய்வுக்கூடமொன்றிற் பிறர் குருதியைச் சோதித்துச் சீட்டெழுதுகின்றாள். சுப்பாராவின் முறையைப் பாடமாகக் கற்றவள் அவள். அண்மையில் அங்குச் சென்ற எம்மை முகமலர்ந்து வரவேற்று, ஐயா என விளித்து, எம் கையில் ஊசியிட்டுக் குருதியெடுத்தாள். அவ்வூசியினும் எம் மௌனமே எம்மை மிகக் குத்தியது.

அந்நாயக்கர் தருமமும் அன்று குலம் நோக்கி விதி பேசியிருப்பின், அவ்விளைஞர் கடல் கடந்திருப்பாரோ? நம் மகளிர் உண்ணும் மாத்திரையை ஆக்கியவர் எக்குலத்தவர் என எவரும் வினவுகின்றிலர்.

நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கே முதலிடம் தருதல் முறையே. அதனை மாற்றுமாறு யாம் வேண்டவில்லை. ஆண்டுதோறும் கல்விநிதியிற் பத்தில் ஒரு கூற்றைத் தனியே ஒதுக்குக. மருத்துவ ஆராய்ச்சிக்கும் அதுபோன்ற மேற்படிப்பிற்கும் இடம் கிடைத்து, உதவித்தொகை வருமளவும் வழியின்றித் தவிக்கும் நம் மாவட்டத்து மாணவர் எவராயினும், அவர்க்கு அதனை வட்டியின்றிக் கடனாக அளித்து, உதவித்தொகை வந்தபின் திரும்பப் பெறுக. விண்ணப்பம் வந்து பத்து நாளில் முடிவு கூறுக. வரும் பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக யாமே முன்மொழிவோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவ்வொருவர் இதனை வாசிப்பாருள் இருப்பார் என நம்புகின்றோம்.