கண்டி தந்த கட்டடக் கலைஞர்

நாலந்தாக் கெடிகேயை அறியாதார் எமது சங்கத்தில் இலர். இந்துக் கோயில் அமைப்பும் பௌத்த வழிபாடும் கலந்து நிற்கும் அக்கற்றளி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காவண்ணம் 1975இல் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, 1980இல் மேட்டில் மீண்டும் எழுந்தது. ஒரு கட்டடத்தைக் காப்பது எத்துணைப் பாடு என்பதை எம் முதியோர் அறிவர். இங்கிருந்து மாத்தளை வழியே செல்லும் வீதி சென்று சேரும் கண்டியில் வாழ்ந்த ஒருவரின் கட்டடங்களுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை.

மினெற் டி சில்வா அம்மையார் 1918இல் கண்டியிற் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல் தலைவர். அன்னையார் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். மகளும் அஞ்சாதவரே. பம்பாயில் பயிலுங்கால், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்த மாணவருடன் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்க மறுத்துக் கல்லூரியை இழந்தார். பின்னர் இலண்டனிற் கற்றுத் தேறி, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்மணியானார்.

ஊர் திரும்பியவர் கொழும்பை நாடாது, கண்டியில் பெற்றோர் இல்லத்திலேயே தொழிலைத் தொடங்கினார். முதல் வேலை கருணாரத்தின தம்பதியரின் வீடு. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் ஏற்ற இறக்கத்துக்கு இசையத் தளங்களை அமைத்தார். சீமெந்தையும் கண்ணாடியையும் அவர் வெறுத்தாரல்லர். அவற்றோடு தும்பறை நெசவையும், சுட்ட களிமண் ஓடுகளையும், எமது மாவட்டத்து ஹப்புவிடக் கிராமத்தார் பெயர் பெற்ற அந்த அரக்கு வேலையையும் சேர்த்தார். அவை சுவரில் மாட்டிய அலங்காரங்கள் அல்ல. கதவாகவும் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பமாகவும் வீட்டின் உறுப்புகளே ஆயின. கைவினைஞனுக்கு வேலை கொடாமல் அவன் கலையைப் புகழ்வதில் பயனென்ன?

1958ஆம் ஆண்டளவில், கண்டி வட்டபுளுவ என்னுமிடத்தில் அரசாங்க ஊழியருக்கென ஏறத்தாழ 250 வீடுகளைத் திட்டமிட்டார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் சேர்ந்து வாழவேண்டிய இடம். எல்லார்க்கும் ஒரே அச்சில் வீடு வார்ப்பது எளிது. அம்மையாரோ குடிவரப் போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்தம் வாழ்க்கை முறையையும் தேவைகளையும் கேட்டறிந்த பின்னரே மாதிரிகளை வரைந்தார். மேட்டையும் மரங்களையும் இயன்றவரை இருந்தபடி விட்டார்.

பிற்காலத்தில் புகழ் பிறர்பாற் சென்றது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் 1996இல்தான் கிட்டியது. ஈராண்டில் கண்டியிலேயே மறைந்தார். அவர் தொழில் புரிந்த இல்லம் பேணுவாரின்றிப் பாழடைந்தது. கட்டிய வீடுகள் சில இடிந்தன, சில உருமாறின. வட்டபுளுவவில் மட்டும், கேட்டுக் கட்டிய அவ்வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர்.