தானசிந்தாமணி அத்திமப்பை

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என இல்லறத்தார்க்குரிய தானங்கள் நான்கு. முதல் மூன்றும் கொள்பவரின் உடலையும் உயிரையும் காப்பன. நான்காவதோ இனிப் பிறக்கப்போகும் தலைமுறைக்கும் அறத்தைக் கொண்டு சேர்ப்பது. அந்த நான்காம் தானத்தால், ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் கன்னட நாட்டில் போற்றப்படும் அன்னை அத்திமப்பை அம்மையார்.

அவர் வாழ்ந்தது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. 973ஆம் ஆண்டில் இராட்டிரகூடர் ஆட்சி வீழ்ந்தது. இரண்டாம் தைலபன் மேலைச் சாளுக்கிய அரசை நிலைநாட்டினான். அம்மையாரின் தந்தை மல்லபர், போர்த்தொழிலும் அறப்பற்றும் ஒருங்கே அமைந்த குடியினர். அவரும் உடன்பிறந்தவரான பொன்னமய்யரும் தம் ஆசிரியர் சினசந்திர முனிவரின் நினைவைப் போற்ற விரும்பினர். அதற்காகப் பொன்ன கவியைக் கொண்டு, பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதரின் வரலாற்றைச் சாந்திபுராணம் என்னும் காப்பியமாகப் பாடுவித்தனர். நூலும் நோன்பும் பேணிய அவ்வில்லத்தில் அத்திமப்பை வளர்ந்தார்.

தைலபனின் அமைச்சர் தல்லபரின் மைந்தன் நாகதேவனுக்கு அத்திமப்பையை மணம் செய்வித்தனர். தங்கை குண்டமப்பையும் அவனுக்கே வாழ்க்கைப்பட்டார். அத்திமப்பைக்கு அண்ணிகதேவன் என்னும் மகன் பிறந்தான். மனைமாட்சி சிறந்திருந்த அந்நாளில், படைத்தலைவனான நாகதேவன் போர்க்களத்தில் உயிர்நீத்தான்.

கணவனை இழந்த மகளிர் உடன்கட்டை ஏறுவதை வீரக்குடிகள் புகழ்ந்த காலம் அது. துயர் தாளாத குண்டமப்பை தீப்புகுந்தார். கணவனையும் தங்கையையும் இழந்த அத்திமப்பை, உயிர் வாழ்வதைத் தேர்ந்தார். தீயில் பாய்தலை உலக மூடங்களுள் ஒன்றாக விலக்குகிறது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம். அந்த அறநெறி ஒருபுறம். தாயின் கையை எதிர்நோக்கி நின்ற மகன் ஒருபுறம். சாவதினும் அரியது வாழ்வு என்பதை உணர்ந்து, அணிகலன் துறந்து, விரதங்களால் உடலை ஒறுத்து, மைந்தனை வளர்த்தார். அவனும் குடிக்கேற்ற வீரனாய் உயர்ந்தான்.

மகனைப் பேணிய அதே பரிவுடன் அவர் பேணிய மற்றொன்று, தந்தை பாடுவித்த சாந்திபுராணம். அரசுகள் மாறிப் போர்கள் மலிந்த காலத்தில் ஓலைச்சுவடிக்குக் காவல் இல்லை. செல்லும் நெருப்பும் ஈரமும் ஒரு நூலை ஒரு தலைமுறைக்குள் அழித்துவிடும். ஒரேயொரு படியில் தங்கியிருக்கும் நூல், எண்ணெய் குறைந்த விளக்கைப் போன்றது. இதனை உணர்ந்த அம்மையார், சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாத நாளில், ஓலையைப் பதப்படுத்தி, ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எழுதி, பிழை நோக்கித் திருத்தி முடித்த ஆயிரம் படிகள்! எத்தனை எழுத்தர்களின் எத்தனை நாள் உழைப்பு அது! பொன்னாலும் மணியாலும் இயன்ற 1,500 சினபிம்பங்களையும் செய்வித்து அளித்தார். கேட்டவர்க்குக் கேட்டதை ஈயும் சிந்தாமணி எனக் கண்ட மக்கள் அவரைத் தானசிந்தாமணி என்றழைத்தனர்.

பழைய நூலைக் காத்த அவர் புதிய நூலுக்கும் தாயானார். முதோளில் வளையல் விற்கும் எளிய குடியில் பிறந்தவர் ரன்ன கவி. அவரை ஆதரித்து, இரண்டாம் தீர்த்தங்கரரின் வரலாறான அசிதபுராணத்தை 993ஆம் ஆண்டில் இயற்றச் செய்தார். அம்மையாரின் வாழ்க்கை இன்று நமக்குத் தெரிவது பெரிதும் அக்காப்பியத்தினால்தான். தம்மைத் தொடக்கத்தில் ஆதரித்த சாவுண்டராயரின் நினைவாக மகனுக்கு இராயன் என்று பெயரிட்ட ரன்னர், தம் மகளுக்கு அத்திமப்பை என்றே பெயரிட்டார். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கமுடைய நாட்டில், இதனினும் உயர்ந்த நன்றியை ஒரு புலவன் செலுத்த இயலாது.

கதகுக்கு அருகிலுள்ள இலக்குண்டியில் அம்மையார் எடுப்பித்த சினாலயம் இன்றும் நிற்கிறது. 1007ஆம் ஆண்டின் கல்வெட்டு அவர் கொடையையும் பெருமையையும் உரைக்கிறது. பெருகிவந்த ஆறு அவர் பொருட்டு அடங்கியது முதலான அற்புதங்களும் அவரைப்பற்றி வழங்குகின்றன. நம்புவோர் நம்பட்டும், ஆனால் தீயின் முன்னின்று திரும்பி, ஒரு மகனையும் ஒரு நூலையும் உயிருடன் காத்ததே அவர் வாழ்வின் பெரிய அற்புதம்.

நம் இல்லங்களிலும் பெட்டிக்குள் உறங்கும் ஏடுகளும், பாட்டியரின் நாவில் மட்டும் வாழும் தோத்திரங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் படியெடுத்துப் பேரக்குழந்தையின் கையில் கொடுக்கும் அன்னை, அத்திமப்பையின் வழியில் ஓரடி நடந்தவராவார்.