ஒரு துளி இரத்தம்

மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி

மரபியல் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக ஃபினைல்கீட்டோனூரியா என்னும் நோயைப் பற்றி எழுதியிருக்கிறேன். தாய், தந்தை இருவரும் ஒடுங்கு ஜீனைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று கட்டம் போட்டும் காட்டினேன். மதிப்பெண் கிடைத்தது, மறந்தும் போனேன். பின்னர் ஒருநாள் இராபர்ட் கத்ரி என்பவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருப்பதை அறிந்தேன்.

கத்ரி 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மேரியன்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, பஃபலோ நகரில் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பாக்டீரியாக்களை வளர்த்து ஆராய்வதில் வல்லவர். ஆறு குழந்தைகளின் தந்தையான அவருக்கு ஒரு மகன் மனவளர்ச்சி குன்றிப் பிறந்தான். அத்துயரே அவருடைய ஆராய்ச்சியின் பாதையை மாற்றியது.

மகனின் குறை ஃபினைல்கீட்டோனூரியாவால் வந்ததன்று. ஆனால் 1958இல் பிறந்த, அவர் மனைவியின் உடன்பிறந்தாள் மகளுக்கு அந்நோயே இருந்தது. அது தெரிய வந்தபோது குழந்தைக்கு ஒரு வயது கடந்துவிட்டது. மூளையில் நேர்ந்த கேட்டை இனி மீட்க இயலாது.

இந்நோயை 1934இல் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்தார். புரத உணவிலுள்ள ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்ற வேண்டிய நொதி இக்குழந்தைகளிடம் சரியாக வேலை செய்வதில்லை. அமிலம் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. அந்த அமிலம் குறைந்த உணவால் மூளையைக் காக்கலாம் என்பது 1950களிலேயே தெரிந்திருந்தது. ஆனால் பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். அன்றிருந்த சிறுநீர்ச் சோதனையோ அந்த வாரங்கள் கழிந்த பின்னரே நோயைக் காட்டிற்று. வழி இருந்தது, காலம் கைகொடுக்கவில்லை.

உணவுக் கட்டுப்பாட்டிலிருந்த நோயாளிகளின் இரத்தத்தில் அமில அளவை அறிய, கத்ரி ஏற்கெனவே ஒரு சோதனையை அமைத்திருந்தார். அதையே பிறந்த குழந்தைக்கு ஏற்றதாக மாற்றினார். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். அதில் சிறு வட்டத்தை வெட்டி, பாக்டீரியா கலந்த அகார் கூழின்மேல் வைக்க வேண்டும். கூழில் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்றும் இருக்கும். இரத்தத்தில் ஃபினைல்அலனின் மிகுந்திருந்தால், அத்தடையை மீறிப் பாக்டீரியா வட்டமாக வளரும். மறுநாளே விடை தெரிந்துவிடும். உலர்ந்த தாளை அஞ்சலிலும் அனுப்பலாம். எவ்வளவு எளிய முறை!

1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, 29 மாநிலங்களில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டு, 39 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது.

இடையில் ஒரு சோதனை கத்ரிக்கும் வந்தது. அவர் ஏறத்தாழ 6 டாலர் செலவில் செய்த சாதனத் தொகுப்புக்கு, தயாரிக்க முன்வந்த நிறுவனம் 262 டாலர் விலை வைத்தது. அவர் அதை எதிர்த்தார். நிறுவனத்துக்குத் தனியுரிமை கிடைக்கவில்லை. தம் கண்டுபிடிப்பால் ஒரு காசும் அவர் பெற விரும்பவில்லை. பல நாடுகளுக்கும் சென்று இச்சோதனையைப் பரப்பி, 1995இல் மறைந்தார். இன்று புதிய கருவிகள், அதே உலர்ந்த இரத்தப் பொட்டிலிருந்து பல பிறவி நோய்களைக் கண்டறிகின்றன. அந்த அட்டைக்குக் கத்ரியின் பெயரே வழங்குகிறது.

அவர் கண்ட சோதனை அவர் மகனுக்கு உதவவில்லை. மருமகளுக்கோ காலம் கடந்துவிட்டது. தம் வீட்டுக்குப் பயன்படாத விளக்கைப் பிறர் வீடுகளில் ஏற்றி வைத்தார் அவர். அந்த ஐந்து மதிப்பெண் வினா மீண்டும் வருமானால், கட்டத்தின் கீழே அவர் பெயரையும் எழுதுவேன்.