கோட் எழுதாத அந்த ஒருத்தர் எதுக்கு? சார்லஸ் பாபேஜின் வாழ்க்கை சொல்லும் பதில்

சாஃப்ட்வேர் டீம்களில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு. ஒரு வரி கோட் கூட எழுதாமல், மீட்டிங் போட்டு, எப்போ முடியும் என்று மட்டும் கேட்கும் ப்ராஜெக்ட் மேனேஜர் எதுக்கு? அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கம்ப்யூட்டரின் தந்தை என்று அழைக்கப்படும் சார்லஸ் பாபேஜின் வாழ்க்கையே சாட்சி.

யார் இந்த பாபேஜ்?

1791-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, பின்னாளில் நியூட்டன் வகித்த லூகாசியன் பேராசிரியர் பதவிக்கே வந்தவர். கப்பல் ஓட்டுவதற்கும் வானியலுக்கும் அன்று அச்சிட்ட கணித அட்டவணைகளைத்தான் நம்ப வேண்டும். கையால் போட்ட கணக்கு என்பதால் அவற்றில் தப்புகள் ஏராளம். கணக்கை மெஷினே போட்டு, மெஷினே அச்சுக்கும் தயார் செய்தால்? அதுதான் டிஃபரன்ஸ் இன்ஜின். 1822-ல் சின்ன மாதிரி ஒன்றைச் செய்துகாட்டினார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசு பணம் தர முன்வந்தது.

எங்கே சறுக்கியது?

ஐடியா பாபேஜுடையது. பாகங்களைச் செய்தவர் ஜோசப் கிளமென்ட் என்ற கைதேர்ந்த தொழிலாளி. பணம் அரசுடையது. இந்த மூவரையும் இணைக்க நடுவில் ஆளே இல்லை. எவ்வளவு செலவாகும், எப்போது முடியும், பில்லை யார் சரிபார்ப்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்யவில்லை. அரசுப் பணம் தாமதமாக வரும். பாபேஜ் தன் கைக்காசைப் போட்டு ஓட்டுவார்.

1832-ல் மெஷினின் ஒரு பகுதி தயாராகி, நன்றாகவே ஓடியது. 1833-ல் பட்டறையை பாபேஜ் வீட்டருகே மாற்றும் பேச்சு எழுந்தது. அதற்கு இழப்பீடு கேட்ட கிளமென்டுக்கும் பாபேஜுக்கும் தகராறு முற்றி, வேலை நின்றே போச்சு. அந்தக் கால வழக்கப்படி கருவிகள் தொழிலாளிக்கே சொந்தம். இந்த மெஷினுக்கென்றே செய்த கருவிகளும் கிளமென்டோடு போய்விட்டன.

பழையது முடியும் முன்பே புதியது

1834-ல் பாபேஜின் மனம் இன்னும் பெரிய அனலிடிக்கல் இன்ஜினுக்குத் தாவியது. இன்றைய கம்ப்யூட்டரின் முன்னோடி அதுதான். ஆனால் பழையதை முடிப்பதா, புதியதற்குப் போவதா என்று அரசிடம் கேட்டபோது, அங்கே குழப்பம்தான் மிஞ்சியது. 1842-ல் பிரதமர் ராபர்ட் பீலின் அரசு கையை விரித்தது. அதற்குள் 17,000 பவுண்டுக்கும் மேல் செலவாகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிற்சாலைகளில் வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 1832-ல் புத்தகமே எழுதியவர் பாபேஜ். ஊருக்குச் சொன்ன யோசனை, சொந்தப் பட்டறையில் எடுபடவில்லை.

தேடி வந்த உதவி

1843-ல் அனலிடிக்கல் இன்ஜின் பற்றி விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், பாபேஜிடம் ஒரு யோசனை வைத்தார். மெஷினை பாபேஜ் பார்த்துக்கொள்ளட்டும். வெளியாட்களிடம் பேசுவது, காரியம் நடத்துவது போன்றவை தன் பொறுப்பு. சில நிபந்தனைகளும் போட்டார். பாபேஜ் மறுத்துவிட்டார். நட்பு தொடர்ந்தது, மெஷின் மட்டும் வரவில்லை. 1871-ல், முழு மெஷின் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமலே பாபேஜ் இறந்தார்.

டிசைன்தான் தப்பா?

இல்லை. 1840-களின் கடைசியில் அவர் வரைந்த இரண்டாம் டிஃபரன்ஸ் இன்ஜினை, லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் செய்து முடித்தது. கணக்குப் போடும் பகுதிக்கு மட்டும் சுமார் 4,000 பாகங்கள். அவர் காலத்தில் சாத்தியமான துல்லியத்திலேயே செய்தார்கள். கணக்கு சரியாக வந்தது.

இந்த முறை வரைபடம் முன்பே முடிவானது. பாபேஜின் 200-வது பிறந்த ஆண்டு என்ற கெடு இருந்தது. பணம், ஆள், தேதி மூன்றையும் துரத்திப் பிடிக்க, டோரன் ஸ்வேட் என்ற பொறுப்பாளர் இருந்தார். பாபேஜிடம் மூளை இருந்தது, பணமும் வந்தது. இந்தப் பொறுப்பாளர் மட்டும்தான் இல்லை.