இசைவாணர் பிரெட்டி மெர்க்குரி

தோற்றுவாய்

ஓவியன் மறைந்த பின்னும் அவன் தீட்டிய ஓவியம் நிற்கும். புலவன் மறைந்த பின்னும் அவன் இயற்றிய நூல் நிற்கும். மேடையிலே பாடுவோன் தொழிலோ அத்தகையதன்று. கச்சேரி முடிந்து விளக்குகள் அணைந்தவுடன், பாடியவனும் கேட்டவர்களும் கூடி ஆக்கிய இன்பம் காற்றோடு கலந்து மறைகின்றது. இசைத்தட்டு குரலைக் காக்கும். ஆயின் பாடுவோனுக்கும் அவையோர்க்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலை அது காட்டவல்லதன்று. அக்குறையை ஓரளவு நீக்கியது கச்சேரிப் படமாகும். அப்படங்களின் வாயிலாகத் தாம் பிறவாத காலத்துக் கச்சேரிகளை இன்றைய இளைஞர் கண்டு களிக்கின்றனர். அவ்வாறு கண்முன் நிலைத்து நிற்போருள் தலையாயவர் ஒருவர், இந்தியப் பெற்றோர்க்குப் பிறந்து நம் நாட்டு மலைப்பள்ளியொன்றில் பயின்றவர் என்பதைப் பலர் அறியார். அவரே குவீன் என்னும் ராக் இசைக்குழுவின் பாடகராகிய பிரெட்டி மெர்க்குரி ஆவர்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையை அடுத்த சான்சிபார்த் தீவில், 1946ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாரூக் புல்சாரா என்பது. தந்தையார் போமி, தாயார் ஜெர். இருவரும் கூர்ச்சர நாட்டிலிருந்து சென்ற பார்சி மரபினர். தந்தையார் ஆங்கில அரசாங்கத்தின்கீழ்ப் பொக்கிஷ அலுவல் பார்த்து வந்தார். மைந்தர் நற்கல்வி பெறல் வேண்டும் என்னும் வேட்கையால், அவரை எட்டு வயதளவில் கப்பலேற்றி, பம்பாய் மாகாணத்துப் பஞ்சகனியில் உள்ள தூய பேதுரு பள்ளிக்கு அனுப்பினர். பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்து விடுதியில் வாழ்தல் அவ்விளம் பருவத்தில் எளிதன்று. சிறுவர் இயல்பாகவே கூச்சம் மிக்கவர். மேல்வாயில் மிகையாய் முளைத்த பற்களால் உதடு முன்தள்ளித் தோன்றவே, உடன் பயில்வோரின் ஏளனத்திற்கும் ஆளானார்.

ஆயினும் அப்பள்ளியே அவர்க்கு இசையை அளித்தது. அங்கே அவர் பியானோ பயின்றார். வானொலியில் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசிக்கும் ஆற்றல் அவரிடம் இருந்ததென அக்காலத் தோழர் கூறுவர். 1958ஆம் ஆண்டளவில் தோழர் நால்வரோடு கூடி, ஹெக்டிக்ஸ் என்னும் பெயரால் சிறு குழுவொன்று அமைத்துப் பள்ளி விழாக்களில் வாசித்தார். பிரெட்டி என்னும் பெயர் வழங்கத் தொடங்கியதும் அங்கேதான்.

1963ஆம் ஆண்டில் அவர் சான்சிபாருக்கு மீண்டார். அடுத்த ஆண்டு சனவரியில் அத்தீவில் கொடிய புரட்சி எழுந்தது. அராபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்கில் உயிரும் உடைமையும் இழந்தனர். புல்சாரா குடும்பத்தினர் கையிற் கிடைத்ததைக் கொண்டு இங்கிலாந்துக்கு ஓடி, இலண்டனை அடுத்த பெல்தம் என்னும் ஊரில் எளிய இல்லமொன்றில் குடியேறினர். அப்போது பிரெட்டிக்கு வயது பதினேழு.

குழு அமைந்த வரலாறு

ஈலிங் கலைக்கல்லூரியிற் சேர்ந்து சித்திரக்கலை பயின்ற பிரெட்டி 1969ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றார். வருவாய்க்காகக் கென்சிங்டன் சந்தையில் பழைய ஆடைகளை விற்றார். விமான நிலையத்தில் மூட்டை சுமந்தார். இடையிடையே சிறு குழுக்கள் சிலவற்றிற் பாடிப் பார்த்தார், அவை நிலைக்கவில்லை. 1970இல் கித்தார் வாசிப்பவராகிய பிரையன் மே, பறை முழக்குபவராகிய ராஜர் டெயிலர் ஆகிய இருவரோடும் சேர்ந்தார். மறு ஆண்டில் ஜான் டீக்கன் வந்து சேர, குழு நிறைவெய்தியது. அரசி எனப் பொருள்படும் குவீன் என்னும் பெயரைக் குழுவுக்குச் சூட்டியவர் பிரெட்டியே. மெர்க்குரி என்னும் புதுப்பெயரைத் தமக்கும் அவர் அக்காலத்திற் சூட்டிக்கொண்டார்.

நால்வரும் கல்லூரிக் கல்வி வாய்ந்தவர் என்பது மாணவர் கருதற்குரியது. மே வானநூல் ஆராய்ச்சி மாணவர். தம் தந்தையாரோடு கூடித் தாமே மரம் இழைத்துச் செய்த கித்தாரையே வாழ்நாள் முழுதும் வாசித்து வருபவர். இடையில் விட்ட ஆராய்ச்சியை 2007ஆம் ஆண்டில் முடித்து டாக்டர் பட்டமும் பெற்றார். டெயிலர் பல் மருத்துவம் பயிலத் தொடங்கியவர்; டீக்கன் மின்னணுவியல் கற்றவர். குழுவின் இலச்சினையைச் சித்திரக் கல்வி பெற்ற பிரெட்டி வரைந்தார். நால்வரின் பிறவி இராசிகளைக் குறிக்கும் சிங்கம் இரண்டு, நண்டு ஒன்று, தேவதைகள் இருவர். இவற்றின்மேல் சிறகு விரித்த பீனிக்ஸ் பறவை நிற்கும்.

1973இல் முதல் இசைத்தட்டுத் தொகுப்பு வெளிவந்தது. 1975இல் வெளிவந்த பொஹீமியன் ராப்சடி என்னும் பாடல் ஏறத்தாழ ஆறு நிமிடம் நீள்வது. அக்கால வானொலியார் மூன்று நிமிடப் பாடல்களையே விரும்பினர். அத்துணை நீண்ட பாடலை எவரும் ஒலிபரப்பார் எனப் பலர் தடுத்தனர். பிரெட்டி அதனைக் குறுக்க இசையவில்லை. இங்கிலாந்தில் ஒன்பது வாரம் அது முதலிடத்தில் நின்றது.

மேடைத் திறன்

தனிமையில் கூச்சமுற்றுப் பேசாதிருக்கும் ஒருவர், மேடையேறியவுடன் பேரரசர்போல் விளங்குதல் வியப்பன்றோ? மெர்க்குரியின் இயல்பு அதுவே. தொடக்க காலக் கச்சேரியொன்றில் ஒலிவாங்கியின் தாங்கி நடுவே முறிந்ததென்றும், அந்த அரைத்தண்டையே அவர் கையிற் கொண்டு பாடி முடித்தாரென்றும் கூறுவர். பின்னர் அவ்வரைத்தண்டே அவர்க்கு வாளும் செங்கோலுமாயிற்று. பற்களைத் திருத்திக்கொள்ளும் செல்வம் வந்த பின்னும், குரல் மாறிவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் திருத்திக்கொள்ளவில்லை.

கேட்போரைப் பாடுவோராக்குதலே அவர்தம் தனித்திறன். 1985ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்தின் பொருட்டு இலண்டன் வெம்பிளி அரங்கில் லைவ் எய்ட் என்னும் பெருங்கச்சேரி நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடமே வழங்கப்பட்டது. பிறர் பலர் அதனை எளிதாகக் கருத, குவீன் குழுவினரோ அந்த இருபது நிமிடத்திற்காக ஷா நாடக அரங்கில் நாட்கணக்கில் ஒத்திகை பார்த்தனர். அன்று மெர்க்குரி ஓர் ஆலாபனையைப் பாடி நிறுத்த, எழுபதினாயிரவர் அதனைத் திரும்பப் பாடினர். அவர் மேலும் கடிதாகப் பாட, அவர்களும் தொடர்ந்தனர். உலகெங்கும் தொலைக்காட்சியில் அதனைக் கண்டவர் பல கோடியினர்.

படத்தில் நிலைத்த கச்சேரி

மறு ஆண்டு அக்குழு ஐரோப்பா முழுதும் சுற்றுப்பயணம் செய்தது. சூன் 7ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய அப்பயணத்தில் 26 கச்சேரிகள் நடந்தன. கேட்டவர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். சூலை 27ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டில், மக்கள் விளையாட்டரங்கில் நடந்த கச்சேரியை அந்நாட்டுத் திரைப்படத் துறையார், யானோஷ் ஜோம்போயாய் என்னும் இயக்குநரைக் கொண்டு முழுதும் படமெடுத்தனர். அக்காலை ஹங்கேரி பொதுவுடைமை ஆட்சியின்கீழ் இருந்தது. மேல்நாட்டு ராக் குழுவொன்று அத்துணைப் பெரிய வெளியரங்கில் பாடுவது அப்பக்கத்து நாடுகளில் அரிதினும் அரிது.

குழுவினர் வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றின் வழியே படகிற் சென்று அந்நகரை அடைந்தனர். படத்திலே, பாடல்களுக்கிடையே அவர்கள் ஊர் சுற்றும் காட்சிகளும் உண்டு. ஆயின் அப்படத்தின் உயிர்நிலை ஒரு சிறு காட்சியில் உள்ளது. கச்சேரியின் நடுவே மெர்க்குரி ஹங்கேரியரின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றை அவர்தம் மொழியிலேயே பாடுகின்றார். அம்மொழி அவர் அறியாதது. நாவிற்கு எளிதில் வாராதது. ஆகவே சொற்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, மாணவன் பாடம் பார்ப்பதுபோல் அதனைப் பார்த்துப் பார்த்துப் பாடுகின்றார். உலகப் புகழ் வாய்ந்த அவர் அதனை மறைக்க முயலவில்லை. தம் தாய் பாடிய பாட்டை அயலான் வாயிற் கேட்ட எண்பதினாயிரவரும் ஆரவாரித்து உடன் பாடுகின்றனர். விளக்குகளும் புகையும் அரசவை ஆடையும் செய்யாததை மையெழுதிய அவ்வுள்ளங்கை செய்துவிட்டது. கேட்போர் தம்மிடம் வரட்டும் என்று காத்திராது, தாமே அவர்பால் எழுந்து செல்லுதல்தான் அவருடைய கலையின் உட்பொருள் என்பதை அக்காட்சி தெளிவாய் உணர்த்துகின்றது.

அதன்பின் இருவாரமும் முழுமையாகக் கழியாமுன், ஆகஸ்டு 9ஆம் நாள் நெப்வொர்த் என்னுமிடத்தில் லட்சத்திற்கு மேற்பட்டோர் முன்னிலையில் பயணம் நிறைவெய்தியது. அக்குழுவோடு மெர்க்குரி பாடிய இறுதிக் கச்சேரி அதுவே. அன்று அதனை ஒருவரும் அறியார்.

ஒரு பிழை

பெரியோர் வரலாற்றைக் கூறுங்கால் குறையை மறைத்தல் நேர்மையன்று. 1984ஆம் ஆண்டு அக்டோபரில் இக்குழுவினர் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி என்னும் கேளிக்கை நகரிற் பாடினர். நிறவேற்றுமையை ஒழிக்கும்பொருட்டு அந்நாட்டைக் கலைஞர் புறக்கணிக்க வேண்டுமென ஐக்கிய நாடுகள் சபை கேட்டிருந்த காலம் அது. தாங்கள் அரசியல் சாராதவர் என்றும், எல்லா நிறத்தார்க்கும் பாடியதாகவும் குழுவினர் விடை கூறினர். இங்கிலாந்து இசைவாணர் சங்கம் அவ்விடையை ஏலாது அபராதம் விதித்தது. நிறத்தால் இகழ்ச்சி எத்தகையதென்பதை அறியும் வாய்ப்புப் பெற்ற ஒருவர், அவையோரைத் தேடிச் செல்லும் ஆர்வத்தால், எவ்வவைக்குச் செல்லலாகாது என்பதைக் காணத் தவறினார் என்றே கூறல் வேண்டும்.

இறுதிக் காலம்

1987ஆம் ஆண்டில் தமக்கு எய்ட்ஸ் நோய் உள்ளமை மெர்க்குரிக்குத் தெரிந்தது. 2018இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற திரைப்படம், லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்னரே அவர் அதனை அறிந்ததுபோற் காட்டினும், அது கதைக்காக மாற்றப்பட்டதேயன்றி வரலாறன்று. அந்நோய்க்கு அக்காலத்தில் தக்க மருந்தில்லை. நோயுற்றோரை உலகம் அஞ்சி ஒதுக்கியது. செய்தித்தாள் நிருபர்கள் அவர் வாயிலைச் சூழ்ந்து நின்றனர். அவர் ஏதும் கூறாது பணியில் ஆழ்ந்தார். 1988இல் ஸ்பெயின் நாட்டு ஆப்பெராப் பாடகியார் மொன்செராட் கபாயேயுடன் பார்சிலோனா என்னும் தொகுப்பை வெளியிட்டார். 1991இல் நிற்றற்கும் வலிவின்றியிருந்த நாட்களிலும் சுவிட்சர்லாந்தின் மொன்த்ரோ நகரில் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்று, பின்னர்த் தோழர் முடித்துக்கொள்ளட்டும் என்று தம் குரலைப் பதிந்து வைத்தார். அவை 1995இல் வெளிவந்தன. இளமை தொட்டு உற்ற தோழியாராகிய மேரி ஆஸ்டினும், துணைவராகிய ஜிம் ஹட்டனும் இறுதிவரை அவரைப் பேணினர்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் தம் நோயை உலகிற்கு அறிவித்தார். மறுநாளே உயிர் நீத்தார். வயது நாற்பத்தைந்து. பிறந்த மரபின்படி சரதுஷ்டிர சமயக் குருமார் ஈமக்கடன் ஆற்றினர்.

முடிவுரை

1992ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் வெம்பிளி அரங்கில் அவர் நினைவாக ஒரு கச்சேரி நடந்தது. அதன் வருவாய் கொண்டு, அவர் வரைந்த பறவையின் பெயரால் மெர்க்குரி பீனிக்ஸ் அறநிலையம் தோன்றி, எய்ட்ஸ் நோயை எதிர்க்கும் பணிகளுக்கு உதவி வருகின்றது. 2003ஆம் ஆண்டில், எய்ட்ஸ் ஒழிப்பிற்காக நெல்சன் மண்டேலா கூட்டிய கச்சேரியில் மேயும் டெயிலரும் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவிற் சென்று வாசித்தனர். பழைய பிழைக்கு அது ஒரு கழுவாய் எனலாம்.

மொன்த்ரோ நகரின் ஏரிக்கரையில் ஒரு கையை உயர்த்தி நிற்கும் அவர்தம் வெண்கலச் சிலை உளது. மாணவ நண்பர்களே! சிலையினும் அவரை நன்கு காட்டுவது புடாபெஸ்டுப் படமே. அதனைக் காண வாய்ப்பு நேரின், உயர்த்திய கையை மட்டும் கண்டு அமையற்க. மொழியறியா மக்கள்முன் சொல் தவறலாகாதென எழுதிப் பார்த்துக்கொண்ட அந்த உள்ளங்கையையும் காண்க. புகழ் அவரைத் தேடி வந்தமைக்குக் காரணம் அதிலே தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது.