ஆல்பிரட் நோபல்: வெடிமருந்தோடு ஒரு வாழ்வு

ஆண்டுதோறும் அறிஞர்களுக்கும் சான்றோர்களுக்கும் அளிக்கப்பெறும் பரிசின் பெயராகவே ஆல்பிரட் நோபலை உலகம் இன்று அறிந்திருக்கிறது. ஆயினும் அப்பெருமகனார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது ஒரே ஒரு திரவத்தைக் கட்டுக்குள் கொண்டுவரும் போராட்டத்தில்தான். எண்ணெய் போன்ற தோற்றமுடைய நைட்ரோகிளிசரின் என்னும் அத்திரவம் அவருக்குச் செல்வத்தைத் தந்தது. அவர் குடும்பத்தில் ஓர் உயிரையும் கொண்டது.

நோபல் 1833 அக்டோபர் 21 அன்று சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் இம்மானுவேல் கட்டடக் கலைஞர். புதுப்பொருள் ஆக்குவதில் ஆர்வம் மிக்கவர். தொழில் நொடித்துப்போகவே அவர் பிழைப்பு நாடி ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். 1842இல் மனைவி மக்களும் அவரிடம் போய்ச் சேர்ந்தனர். அங்கே அவர் ரஷியப் படைக்குக் கடற்கண்ணி வெடிகள் செய்து பொருளீட்டினார். ஆல்பிரட் வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கப்பெற்றார். இளமையிலேயே ஐந்து மொழிகளில் தேர்ந்தார். இலக்கியத்தில் தோய்ந்து ஆங்கிலத்தில் கவிதைகளும் எழுதினார். தந்தையாரோ மகனை வேதியியல் கற்க அயல்நாடுகளுக்கு அனுப்பினார்.

பாரிஸ் நகரில் பெலூஸ் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பிரட் பயின்றார். அதே ஆசிரியரிடம் முன்னர்ப் பயின்ற அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் இத்தாலியர் 1847இல் டூரின் நகரில் நைட்ரோகிளிசரினை முதன்முதலாக உருவாக்கியிருந்தார். சோப்பும் மெழுகுவத்தியும் செய்யுமிடத்தில் எஞ்சும் கிளிசரினை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த குளிர்ந்த கலவையில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் இத்திரவம் கிடைக்கும். சோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் சொப்ரேரோவின் முகம் காயமுற்றது. தாம் கண்டறிந்த பொருளைக் கண்டு தாமே அஞ்சிய அவர், அது பயன்பாட்டிற்கு உகந்ததன்று என்று ஒதுக்கிவைத்தார்.

அவருடைய அச்சத்திற்குக் காரணம் உண்டு. பழைய கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்று பொடிகளின் கலவை. உப்பிலுள்ள ஆக்சிஜன் கரியைச் சென்று சேர்ந்தால்தான் அது எரியும். நைட்ரோகிளிசரினிலோ எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் அடங்கியுள்ளன. வலுவான அதிர்ச்சி ஒன்று போதும். கண்ணிமைக்கும் நேரத்திற்குள் திரவம் முழுவதும் கொதிவளியாக மாறிவிடும். திரவத்திற்குள் சிறு காற்றுக்குமிழி இருந்தாலும், தட்டுப்படும்போது அது நெருக்குண்டு சூடேறி வெடிப்பைத் தொடங்கிவைக்கும். குளிர்காலத்தில் ஏறத்தாழ 13 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும் இயல்பும் இதற்கு உண்டு. உறைந்ததை உருக்க முயன்று உயிரிழந்தோர் பலர்.

கிரிமியப் போர் முடிந்ததும் ரஷியப் படையின் வேண்டல்கள் நின்றன. 1859இல் இம்மானுவேல் மீண்டும் நொடித்துச் சுவீடன் திரும்பினார். 1863இல் ஆல்பிரடும் அங்கே வந்து நைட்ரோகிளிசரின் ஆய்வில் இறங்கினார். தவறி விழுந்தால் வெடிக்கும் இத்திரவம், திரியால் கொளுத்தினால் நினைத்தபடி வெடிப்பதில்லை. இச்சிக்கலுக்கு விடையாக அவர் கண்டதே டெட்டனேட்டர் எனப்படும் வெடிமூட்டி. உலோகக் குப்பிக்குள் சிறிதளவு பாதரச ஃபல்மினேட்டை அடைத்து, அதன் அதிர்ச்சியால் திரவத்தை வெடிக்கச் செய்தார். பாதரச ஃபல்மினேட்டும் எளிதில் வெடிக்கும் இயல்புடையதே. நிலையற்ற ஒரு பொருளைக் கொண்டே மற்றொன்றை ஏவலுக்கு உட்படுத்திய இம்முறை, வெடிமருந்துத் துறையின் போக்கையே மாற்றியது.

1864 செப்டம்பர் 3 அன்று ஸ்டாக்ஹோமின் ஹெலனபோரி பகுதியிலிருந்த அவர்களுடைய வேலைக்கூடம் வெடித்துச் சிதறியது. ஆல்பிரடின் தம்பி எமில் உட்பட ஐவர் மாண்டனர். எமிலுக்கு அப்போது வயது 20. அதன்பின் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். பின்னர் அவர் இறந்ததும் 1872ஆம் ஆண்டின் அதே செப்டம்பர் 3ஆம் நாளில்தான். நகர எல்லைக்குள் இத்தொழிலை நடத்தக்கூடாது என்று ஆட்சியாளர் தடை விதித்தனர். நோபல் தொழிலைக் கைவிடவில்லை. மேலாரன் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதில் தொடர்ந்தார். அடுத்த ஆண்டே சுவீடனிலும் ஜெர்மனியிலும் ஆலைகள் கண்டார்.

திரவம் கடல்கடந்து விற்பனைக்குச் சென்றது. கேடும் உடன் சென்றது. 1866 ஏப்ரலில் பனாமாக் கரையில் ஒரு கப்பல் வெடித்தது. அதே திங்களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெட்டி வெடித்து 15 பேர் இறந்தனர். ஹாம்பர்க் அருகே குருமலில் இருந்த நோபலின் ஆலையும் அவ்வாண்டே அழிந்தது. பல நாடுகள் தடையும் கட்டுப்பாடும் விதிக்கத் தலைப்பட்டன.

திரவமாக இருக்கும்வரை இதற்கு அமைதி இல்லை என்பதை நோபல் உணர்ந்தார். அதனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருளைத் தேடிக் கரித்தூள், மரத்தூள், செங்கல்தூள் எனப் பலவற்றைச் சோதித்தார். இறுதியில் குருமல் பகுதியில் கிடைத்த கீசல்கர் என்னும் மண் கைகொடுத்தது. கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பாசிகளின் ஓடுகள் பன்னெடுங்காலமாகப் படிந்து உருவான மண் அது. ஒரு பங்கு மண் மூன்று பங்கு திரவத்தை உறிஞ்சிக்கொண்டு, கையால் உருட்டத்தக்க மாவாயிற்று. ஆற்றல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டைனமைட் என்று அதற்குப் பெயரிட்டு 1867இல் காப்புரிமை பெற்றார். ஆல்ப்ஸ் மலையைத் துளைத்து 15 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த கோட்ஹார்ட் இருப்புப்பாதைச் சுரங்கம் 1882இல் நிறைவெய்தியது இதன் துணையால்தான்.

டைனமைட்டைப் பயன்படுத்துவோருக்கு இடர் குறைந்தது. ஆக்குவோருக்கோ அது நீங்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்டீர் ஆலையில் அமிலத் தொட்டியின் வெப்பமானியைக் கண்காணிக்கும் தொழிலாளிக்கு ஒற்றைக் கால் மட்டுமே கொண்ட இருக்கை தரப்பட்டது. கண்ணயர்ந்தால் அவர் கீழே விழுந்து விழித்துக்கொள்வார். வெப்பம் அளவு மீறினால் தொட்டியிலுள்ள அனைத்தையும் நீரில் வடித்துவிட வேண்டும். ஒருவருடைய சிறு அயர்வு பலருடைய உயிரைக் குடிக்கும் என்பதற்கு அவ்விருக்கையே சான்றாக நின்றது.

பொருளின் சீற்றத்தை அடக்கிய நோபலால் அதனை வாங்கியவர்களின் நோக்கத்தை அடக்க இயலவில்லை. மலை பிளக்க வந்த டைனமைட் மனிதரைக் கொல்லவும் பயன்பட்டது. 1887இல் அவரே பாலிஸ்டைட் என்னும் புகை குறைந்த துப்பாக்கி மருந்தை ஆக்கிப் படைகளுக்கு விற்றார். மறுபுறம், அமைதி இயக்கத்தின் முன்னோடியான பெர்த்தா வான் சுட்னர் அம்மையாருடன் பல்லாண்டு கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். முரண்பட்ட இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன. அவர் மணம் புரியவில்லை, மக்கட்பேறும் இல்லை.

1895 நவம்பர் 27 அன்று பாரிசில் அவர் தம் இறுதி முறியில் கையொப்பமிட்டார். 3 கோடி குரோனருக்கு மேற்பட்ட தம் செல்வத்தின் பெரும்பகுதியை முதலீடாக்கி, அதன் வருவாயை மாந்தர்க்கு மிகுந்த நன்மை செய்தோர்க்கு ஆண்டுதோறும் பரிசாக வழங்குமாறு பணித்தார். இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம் ஆகியவற்றோடு, நாடுகளிடையே நட்பு வளர்க்கவும் படைகளைக் குறைக்கவும் பாடுபடுவோர்க்கும் ஒரு பரிசு வகுத்தார். 1896 டிசம்பர் 10 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் அவர் மறைந்தார். உறவினர் சிலரின் எதிர்ப்பைக் கடந்து 1901 முதல் பரிசுகள் வழங்கப்பெற்று வருகின்றன. அமைதிப் பரிசு 1905இல் சுட்னர் அம்மையாரைச் சென்றடைந்தது.

இறுதி நாள்களில் நோபலை வருத்தியது நெஞ்சுவலி. அதற்கு மருத்துவர்கள் எழுதித்தந்த மருந்து, மிக நுண்ணிய அளவிலான நைட்ரோகிளிசரின். விதியின் இவ்விளையாட்டை எண்ணி வியந்து அவர் நண்பர்க்குக் கடிதம் எழுதினார். அம்மருந்து உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு வளியை வெளியிட்டே குருதிக் குழாய்களைத் தளர்த்துகிறது என்பது பின்னாளில் விளங்கியது. அவ்வளி உடலில் ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவத்திற்கான பரிசு அளிக்கப்பெற்றது. தம்பியின் உயிரைப் பறித்த அதே திரவம் எத்தனையோ இதயங்களை இன்றும் காத்து வருகிறது. அந்த அறிவுக்குக் கிடைத்த பரிசும் நோபலின் பெயரையே தாங்கி நிற்கிறது.