தெருவை மறைத்த மாணவர், தெருவைத் திறந்த தலைவர்: இரட்டைமலை சீனிவாசனின் கல்வியும் குடிமை வாழ்வும்

வடசென்னையின் ஓட்டேரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வாழும் உழைக்கும் குடும்பங்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கல்லூரிகளில் சேர்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர்கள். படிப்பு எதற்கு என்ற கேள்வியை அவர்கள் முன் வைக்கும்போது, வேலைக்கு என்ற விடையே உடனடியாக வரும். அவ்விடை தவறன்று. ஆயினும் அது முழு விடையுமன்று என்பதைத் தம் எண்பத்தைந்து ஆண்டுக்கால வாழ்வால் காட்டிச் சென்றவர் சீனிவாசன். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்ற ஒரு வரியோடு அவரை நினைவுகூர்ந்து முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அந்த மாநாட்டு மண்டபத்திற்கு அவரை இட்டுச் சென்ற பாதை ஒரு வகுப்பறையின் வாசலில் தொடங்கியது. அதை மாணவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டை ஒட்டி, ஜூலை 7 அன்று அவர் பிறந்தார். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர். கோயம்புத்தூரில் அவர் பயின்றபோது அங்கிருந்த மாணவர்கள் ஏறத்தாழ நானூறு பேர். அவர்களுள் பத்துப் பேரைத் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள். சாதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்ட அச்சூழலில், தம்முடைய குலமும் குடியிருப்பும் சுற்றமும் உடன் பயில்வோருக்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்தப்படுவோம் என்ற அச்சம் அவரை விடாது துரத்தியது. எனவே பள்ளிக்கு முன்னதாக வந்தாலும் உள்ளே செல்லாமல் வெளியே எங்கேனும் இருந்து படிப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் பின்தொடர்ந்து வந்து பேச்சுக் கொடுக்க இயலாதபடி விரைந்து வீடு திரும்புவார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்ற துயரத்தை முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அவர் மறவாமல் பதிவுசெய்தார். அந்நூல் 1939ஆம் ஆண்டு ஜீவிய சரித்திர சுருக்கம் என்ற பெயரில் வெளிவந்தது.

இந்தச் செய்தியை ஒரு சிறுவனின் கூச்சமாக மட்டும் வாசித்தல் போதாது. பாடத்திட்டம் அவருக்கு எதையும் மறுக்கவில்லை. நூல்களும் ஆசிரியரும் தேர்வும் மற்றவர்க்கு இருந்தவாறே அவருக்கும் இருந்தன. மறுக்கப்பட்டது மணி அடிப்பதற்கு முந்தைய அரைமணி நேரமும் மணி அடித்த பிந்தைய அரைமணி நேரமும்தான். நட்பும் விளையாட்டும் விவாதமும் நிகழும் அந்த நேரமே மாணவனைக் குடிமகனாக வளர்க்கிறது. கல்வி நிலையத்தின் கதவு திறந்திருந்தாலும் அதன் முற்றம் மூடியிருக்கக்கூடும் என்ற உண்மையை அவர் பதின்பருவத்திலேயே கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவர் எடுத்த ஒவ்வொரு முயற்சியிலும் இந்தப் பட்டறிவின் தடம் தெரிகிறது.

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். நிலையான ஊதியமும் மதிப்பும் உள்ள வேலை அது. தன் குடும்பத்தை மட்டும் கருதுபவர் அங்கேயே நின்றிருக்கலாம். அவரோ அப்பணிக்காலத்தில் தம் மக்களின் வரலாற்றைத் தேடிப் படித்தார். 1890ஆம் ஆண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய சகோதரியின் கணவராகப் பொதுவாக அறியப்படும் அயோத்திதாசப் பண்டிதரும் அக்காலத்தில் நீலகிரியிலிருந்தே பொதுவாழ்வைத் தொடங்கியவர். அடுத்த சில ஆண்டுகளில் பறையர் மகாஜன சபை உருவாயிற்று. 1893 அக்டோபரில் பறையன் என்ற பெயரிலேயே ஓர் இதழைச் சீனிவாசன் தொடங்கினார்.

இதழின் பெயரைச் சற்றே நின்று நோக்க வேண்டும். பள்ளி நாட்களில் எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று மறைந்து வாழ்ந்தாரோ, அதே பெயரை நாளிதழ்களும் வார இதழ்களும் விற்கும் நகரத் தெருக்களில் அச்செழுத்தில் ஏற்றினார். தன் குலத்தைச் சொல்லிக்கொள்ள அஞ்சும் வரையில் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. அயோத்திதாசர் இதற்கு மாறான கருத்துடையவர். பிறர் சூட்டிய இழிபெயரை ஏற்காமல் பூர்வ பௌத்த அடையாளத்தை மீட்க வேண்டும் என்று வாதிட்ட அவர், 1907ஆம் ஆண்டு ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். உறவினராகிய இருவரும் அச்சில் கடுமையாக முரண்பட்டனர். ஒடுக்கப்பட்டோரின் அறிவு மரபு ஒற்றைக் குரலுடையதன்று. தங்களுக்குள்ளேயே தருக்கம் செய்து வளர்ந்த மரபு அது.

பறையன் நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கிச் சில மாதங்களில் வார இதழாயிற்று. 1896ஆம் ஆண்டு, அதில் வெளியான கடிதம் ஒன்றின் பொருட்டு ஆசிரியர் நீதிமன்றத்திற்கு இழுக்கப்பட்டுத் தண்டத் தொகை விதிக்கப்பட்டார். ஆயினும் 1900 வரை இதழ் நின்றது. அதே காலத்தில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892ஆம் ஆண்டு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. 1893ஆம் ஆண்டு அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளிகள் திறப்பதை ஊக்குவிக்கும் அரசாணையும் வந்தது. ஆணை காகிதத்தில் இருந்தால் போதாது, அதைக் கேட்டுப் பெறும் மக்கள் வேண்டும். மனு எழுதுதல், கூட்டம் கூட்டுதல், கையொப்பம் திரட்டுதல் ஆகிய குடிமைப் பயிற்சிகளை இதழும் சபையும் அம்மக்களுக்கு அளித்தன.

அப்பயிற்சியின் மிகப் பெரிய வெளிப்பாடு 1893 டிசம்பர் 23 அன்று நிகழ்ந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரி வந்தது. பிரிட்டிஷ் மக்களவையும் அவ்வாண்டு அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அக்கோரிக்கையை எதிர்த்துச் சீனிவாசன் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் நடத்தினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. கற்ற மனிதர் ஒருவர் தம் நாட்டில் தேர்வு நடப்பதை எதிர்ப்பதா என்று அன்றே பலர் கடிந்தனர். இன்றும் அவரை வெள்ளையருக்கு வேண்டியவர் என்று ஒதுக்குவோர் உளர்.

அந்த எதிர்ப்பின் பொருளை அறிய, நானூறு பேருள் பத்து என்ற கோயம்புத்தூர்க் கணக்கை நினைத்தால் போதும். எந்த வகுப்பறையில் எவர் அமர முடிந்ததோ அவரே தேர்வறையிலும் அமர முடியும். தேர்வில் வென்றவர் ஆட்சியராகவும் நீதிபதியாகவும் வந்து, ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க விடாத அதே சாதியாரின் பக்கம் நின்றால், ஒடுக்கப்பட்டவன் எவரிடம் முறையிடுவான்? தகுதி என்ற சொல் சமமற்ற தொடக்கத்தை மறைக்கும் திரையாகலாம் என்ற வாதத்தை மண்டல் விவாதத்திற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே அந்த மனு எழுப்பியது. பிரிட்டிஷ் ஆட்சியின் மீது சீனிவாசன் வைத்த நம்பிக்கை மிகையானது என்று இன்று நாம் விமர்சிக்கலாம். அவர் எழுப்பிய கேள்வி அந்த விமர்சனத்தால் விடை பெற்றுவிடவில்லை.

1900ஆம் ஆண்டு தம் மக்களின் குறைகளை நேரில் எடுத்துரைக்க இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டவர், வழியில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் அரசுப் பணியாற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே நாடு திரும்பினார். அவர் திரும்பிவந்த காலத்து வடசென்னை கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1921ஆம் ஆண்டு பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தம் சாதி மோதலாக மாறிற்று. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் உழைத்தவர்களுக்கும் ஒரே தெரு இல்லை என்பதை அந்நெருப்பு காட்டியது.

1923ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட சீனிவாசன், அடுத்த ஆண்டே தம் வாழ்வின் தலையாய பணியை நிறைவேற்றினார். நகரங்களிலும் ஊர்களிலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவரும் நடந்து செல்வதற்குத் தடை இல்லை. பொது அலுவலகங்கள், கிணறுகள், குளங்கள், பொதுப்பணி நடைபெறும் கட்டடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்டு மாதம் அவர் கொண்டுவந்தார். சட்டமன்றம் அதை ஏற்றது. செப்டம்பரில் அது அரசிதழில் வெளியிடப்பட்டது. கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் மக்கள் சிறை சென்றுகொண்டிருந்த அதே ஆண்டு அது. பின்னர் உறுப்பினர் ஆர். வீரையனின் முயற்சியால், இவ்வுரிமையைத் தடுப்போரைத் தண்டிக்கும் வகையில் சட்டத் திருத்தமும் வந்தது.

தம் தெரு எது என்று தெரிந்துவிடக் கூடாதே என விரைந்து நடந்த மாணவர், எல்லாத் தெருக்களும் எல்லோருக்கும் உரியவை என்று சட்டமன்றத்தைச் சொல்ல வைத்தார். இடையில் கடந்தவை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். கல்வி தந்த மொழித்திறனும், இதழும் சபையும் தந்த குடிமைப் பயிற்சியும் அந்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றாகச் சேர்ந்தன. பட்டறிவை மனுவாகவும் மனுவைத் தீர்மானமாகவும் மாற்றும் ஆற்றலே அவர் கல்வியின் உண்மையான பட்டம்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நடந்த முதல் இரு வட்டமேசை மாநாடுகளிலும் அம்பேத்கரும் அவரும் ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாகக் கலந்துகொண்டனர். அம்பேத்கருக்கு அப்போது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீனிவாசனோ எழுபதைக் கடந்தவர். கொலம்பியாவிலும் இலண்டனிலும் முனைவர் பட்டம் பெற்ற இளையவரும், மனு எழுதியே அரசியல் பயின்ற முதியவரும் ஒரே கோரிக்கையில் கையொப்பமிட்டனர். 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு தனித்தொகுதி உரிமையை வழங்கியது. காந்தியின் உண்ணாநோன்பைத் தொடர்ந்து செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தத்தில் அவ்வுரிமை கைவிடப்பட்டு, இடங்களின் எண்ணிக்கை 148 ஆக உயர்ந்தது. சீனிவாசனும் அதில் ஒப்பமிட்டார். 1935ஆம் ஆண்டு இந்து மதத்தைவிட்டு வெளியேறப் போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் அதற்குள் இருந்தால்தானே வெளியேற வேண்டும் என்ற கருத்தினராய் அவர் மாறுபட்டு நின்றார். தோழமைக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் ஒரே நேரத்தில் இடமளிப்பதும் குடிமைப் பண்பே. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

இன்றைய மாணவருக்கு இந்த வாழ்வு வைக்கும் கேள்விகள் கூர்மையானவை. 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன் பயில்வோராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலும் கைகளில் கட்டும் கயிறுகளிலும் சாதி ஒளிந்திருப்பதைச் சுட்டிக்காட்டி 2024ஆம் ஆண்டு பரிந்துரைகளை அளித்தது. மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் இன்னும் எல்லோருக்கும் பொதுவாகவில்லை. வடசென்னையில் வளர்ந்த இளைஞர்கள் பலர் வேலைக்கான நேர்காணலிலும் வாடகை வீடு தேடும்போதும் தம் பகுதியின் பெயரைச் சொல்லத் தயங்குவதும் அந்தப் பழைய அச்சத்தின் புதிய வடிவமே.

மதிப்பெண் உயர்வதாலும் வேலை கிடைப்பதாலும் மட்டும் இந்த அச்சம் தானாக மறைந்துவிடாது. சீனிவாசனுக்கும் நல்ல வேலை இருந்தது; அச்சத்தை வென்றது அந்த வேலையைக் கடந்து அவர் செய்த பணி. கல்லூரியில் உதவித்தொகை தாமதமானால் அதை உரிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்பதும், விடுதியின் நிலையைக் கூட்டாக ஆய்ந்து அறிக்கையாக்குவதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவதும், தம் பகுதியின் வரலாற்றைத் தாமே எழுதுவதும் அவருடைய 112 அடி மனுவின் தொடர்ச்சிகள். படித்தவர் தம் தெருவைவிட்டு வெளியேறுவதை மட்டுமே வெற்றியாகக் கருதும் காலத்தில், அத்தெருவின் பெயரை அஞ்சாது சொல்லவும் அதன் உரிமைக்காக வாதிடவும் தெரிந்துகொள்வதே கல்வியின் நிறைவாகும்.